டிஜிட்டல் பொருளாதாரம் வளர்ந்தால் நகரத்தின் கார்பன் குறையுமா?

பணம் கட்டுவது போனில், டாக்ஸி பிடிப்பது போனில், அரசு விண்ணப்பம் இணையத்தில், அலுவலக வேலையில் பாதி வீட்டிலிருந்தே. இப்படி மாறிவிட்ட ஒரு நகரம் முன்பைவிடக் குறைவாகத்தான் புகை விடும் என்று பலர் நினைக்கிறோம், நகர நிர்வாகங்கள் வெளியிடும் ஸ்மார்ட் சிட்டி அறிக்கைகளும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கின்றன. உண்மையில் சில இடங்களில் குறைகிறது, சில இடங்களில் கூடுகிறது. எப்போது எது நடக்கும் என்று புரிந்துகொள்ளப் பெரிய பொருளாதாரப் படிப்பு வேண்டாம். டிஜிட்டலாக ஒன்று புதிதாக வந்தபோது, அதற்கு முன் ஓடிக்கொண்டிருந்த எது நின்றது? இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் போதும், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அதற்கு முன் கார்பன் திறன் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். ஒரு டன் கரியமில வாயுவை வெளியிட்டு ஒரு நகரம் எவ்வளவு பொருளாதார மதிப்பை உண்டாக்குகிறது என்பதுதான் அது. இதையே திருப்பிப் போட்டு, இவ்வளவு மதிப்பை உண்டாக்க எவ்வளவு கரியமில வாயு வெளியானது என்று கேட்டால் அதற்குப் பெயர் கார்பன் செறிவு. நாடுகள் காலநிலை இலக்குகளை அறிவிக்கும்போது இந்த அளவைத்தான் நிறையப் பயன்படுத்துகின்றன: 2030க்குள் தன் கார்பன் செறிவை 2005-ம் ஆண்டு அளவிலிருந்து 65 சதவீதத்துக்கு மேல் குறைப்பதாகச் சீனா சொல்லியிருக்கிறது, இதே 2005-ஐ அடிப்படையாக வைத்து 45 சதவீதம் குறைப்பதாக இந்தியா சொல்லியிருக்கிறது.

இது ஒரு விகிதம் என்பதை மறந்துவிடக் கூடாது. கற்பனையாக ஒரு நகரத்தை எடுத்துக்கொள்வோம். போன வருடம் அதன் உற்பத்தி மதிப்பு 100, வெளியிட்டது 10 லட்சம் டன். இந்த வருடம் மதிப்பு 120, வெளியிட்டது 11 லட்சம் டன். கணக்குப் போட்டால் கார்பன் செறிவு சுமார் 8 சதவீதம் குறைந்திருக்கிறது, அதாவது திறன் நன்றாகவே கூடியிருக்கிறது, அறிக்கையில் பச்சை அம்புக்குறி போடலாம். ஆனால் காற்றில் கலந்த கார்பன் 10 சதவீதம் கூடியிருக்கிறது. பூமி சூடாவது இந்த இரண்டாவது எண்ணால்தான். அதனால் கார்பன் திறன் கூடியது என்று எங்காவது படித்தால், மொத்த டன் கூடியதா குறைந்ததா என்று உடனே தேடிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

நகரங்களை ஏன் தனியாகப் பிடித்துப் பேசுகிறோம்? உலகின் பசுமைக்குடில் வாயுக்களில் 2020-ல் ஏறக்குறைய 67 முதல் 72 சதவீதம் வரை நகரங்களின் கணக்கில் வருவதாக ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசி மதிப்பிட்டிருக்கிறது. அங்கே கிடைக்கும் மாற்றம்தான் பெரிய மாற்றம்.

ஜப்பானைச் சேர்ந்த எரிசக்திப் பொருளாதார நிபுணர் யோயிச்சி காயா இந்த விஷயத்தைப் பிரித்துப் பார்க்க ஓர் எளிய வாய்பாடு கொடுத்தார். மொத்த உமிழ்வு என்பது மக்கள் தொகை, ஆளுக்கு எவ்வளவு வருமானம், அந்த வருமானத்தை ஈட்ட எவ்வளவு எரிசக்தி, அந்த எரிசக்தியில் எவ்வளவு கார்பன் என்ற நான்கையும் பெருக்கினால் வருவது. டிஜிட்டல் பொருளாதாரம் இதில் மூன்றாவதைக் குறைக்கும் என்பதுதான் எல்லோருடைய நம்பிக்கை. சரி, அது குறைக்கிறது. ஆனால் கூடவே இரண்டாவதையும் கூட்டுகிறது, ஏனென்றால் வியாபாரம் பெருகுகிறது, வருமானம் பெருகுகிறது. நான்காவதில் அதற்கு நேரடியாகப் பெரிய பங்கு இல்லை, அந்த ஊருக்கு வரும் மின்சாரம் எதில் தயாராகிறது என்பதைப் பொறுத்தது அது. நிலக்கரியில் தயாரானால் ஒரு யூனிட்டுக்கு முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை கரியமில வாயு, காற்றாலையில் தயாரானால் அதற்கான உபகரணங்களைச் செய்த கணக்கையும் சேர்த்துச் சில பத்து கிராம்கூடத் தாண்டாது. ஒரே சர்வர் (இணையச் சேவைகளை ஓட்டும் கணினி), ஒரே வேலை, ஆனால் இடம் மாறினால் கணக்கு அடியோடு மாறிவிடும்.

வீணாகப் போவதைப் பிடிப்பது

டிஜிட்டல் தொழில்நுட்பம் உண்மையாகவே நன்றாகச் செய்யும் வேலை, கண்ணுக்குத் தெரியாமல் வீணாகும் எரிபொருளைப் பிடித்துக் காட்டுவது. ஆளில்லாத அறையில் ஓடும் ஏசி, காலியாகத் திரும்பும் லாரி, எதிரே ஒரு வண்டியும் இல்லாதபோது சிவப்பில் நிற்கும் கார் வரிசை, இதையெல்லாம் ஒரு நிர்வாகி உட்கார்ந்து கண்காணிக்க முடியாது, சென்சாரும் மென்பொருளும் சேர்ந்தால் முடியும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-ல் சில சாலைச் சந்திப்புகளில், வரும் வண்டிகளைப் பார்த்து நொடிக்கு நொடி தானாக முடிவெடுக்கும் சிக்னல்களைச் சோதித்தார்கள். பயண நேரம் சுமார் 25 சதவீதமும், நின்று காத்திருக்கும் நேரம் சுமார் 40 சதவீதமும் குறைந்தன. பார்சல் நிறுவனமான யூபிஎஸ் தன் டெலிவரி வண்டிகள் எந்தத் தெருவுக்கு அடுத்து எந்தத் தெரு போக வேண்டும் என்று கணக்கிடும் ஓரியான் என்ற மென்பொருளால், வருடத்துக்கு சுமார் 10 கோடி மைல் ஓட்டம் மிச்சமாவதாகச் சொல்கிறது. கூகுள் தன் தரவு மையங்களின், அதாவது சர்வர்கள் நிறைந்த கட்டடங்களின், குளிரூட்டும் வேலையை 2016-ல் தன் துணை நிறுவனமான டீப்மைண்டின் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்துப் பார்த்தபோது, குளிரூட்டலுக்கான மின்சாரம் 40 சதவீதம் வரை குறைந்தது.

இந்த எல்லா உதாரணங்களிலும் ஒரு பொருள் அல்லது ஓர் எஞ்சின் உண்மையாகவே நின்றிருக்கிறது. அதனால் கணக்கும் சுத்தமாக வருகிறது.

மிச்சமானது எங்கே போகிறது

சிக்கல் இதற்கு அப்புறம்தான். 1865-ல் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். நீராவி எஞ்சின்கள் நிலக்கரியைச் சிக்கனமாகப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு நாட்டில் நிலக்கரிச் செலவு குறைந்திருக்க வேண்டும், ஆனால் கூடியது. காரணம், எஞ்சின் ஓட்டுவது மலிவானதும் அதுவரை கட்டுப்படியாகாத தொழில்களெல்லாம் எஞ்சின் வாங்க ஆரம்பித்தன. இதற்கு ஜெவன்ஸ் முரண் என்று பெயர். சிக்கனத்தால் கிடைத்த மிச்சத்தின் ஒரு பகுதியைக் கூடுதல் பயன்பாடு தின்றுவிடுவதைப் பொதுவாக ரீபவுண்ட் விளைவு என்கிறார்கள், மிச்சம் முழுவதையும் தின்று அதற்கு மேலும் போய்விட்டால் அதுதான் ஜெவன்ஸ் சொன்ன நிலை.

டிஜிட்டல் பொருளாதாரத்தில் இதற்கு மிகத் தெளிவான உதாரணம் ஆப் வழியாகக் கூப்பிடும் டாக்ஸி. அது வந்த புதிதில் சொல்லப்பட்ட வாதம் அழகாக இருந்தது: வண்டிகளைப் பலர் பகிர்ந்துகொள்வார்கள், சொந்தக் கார் வாங்குவது குறையும், சாலையில் கார்கள் குறையும். என்ன நடந்தது? அமெரிக்காவின் அக்கறையுள்ள விஞ்ஞானிகள் சங்கம் 2020-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அந்த நாட்டில் ஆப் டாக்ஸிப் பயணம் ஒவ்வொன்றும், அது வந்திருக்காவிட்டால் மக்கள் போயிருக்கக்கூடிய பயணத்தைவிடச் சராசரியாக 69 சதவீதம் அதிகம் மாசை உண்டாக்குகிறது. அடுத்த சவாரியைத் தேடி ஆளில்லாமல் சுற்றும் ஓட்டம் ஒரு காரணம். அந்த ஆப் இல்லாவிட்டால் பலர் பஸ்ஸிலோ ரயிலிலோ நடந்தோ சைக்கிளிலோ போயிருப்பார்கள், சிலர் கிளம்பியே இருக்க மாட்டார்கள் என்பது இன்னொரு காரணம். சான் பிரான்சிஸ்கோவில் 2010-க்கும் 2016-க்கும் இடையே கூடிய நெரிசலில் ஏறத்தாழப் பாதிக்கு இந்த வண்டிகள்தான் காரணம் என்று அந்த நகரத்தின் போக்குவரத்து ஆணையமே கணக்கிட்டது.

இங்கே நின்றது எது என்று பாருங்கள். நடை நின்றது, பஸ் பயணம் நின்றது. கார் நிற்கவில்லை. தொழில்நுட்பம் நன்றாகத்தான் வேலை செய்தது, ஆனால் அது குறைந்த கார்பன் பயணத்தை எடுத்துவிட்டு அதிக கார்பன் பயணத்தை வைத்தது. அந்த நகரத்தின் பொருளாதாரக் கணக்கிலோ இது புதிய சேவை, புதிய வருமானம், அதனால் விகிதத்தின் ஒரு பக்கம் அழகாக உயர்ந்துகொண்டே போகும். எனக்கு இந்த இடம்தான் மிகவும் கவலையாக இருக்கிறது, ஏனென்றால் விகிதத்தை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு இது தெரியவே தெரியாது.

சிக்னலுக்கும் இதே ஆபத்து உண்டு. சாலை சீராக ஓடத் தொடங்கினால், நெரிசலுக்குப் பயந்து காரை வெளியே எடுக்காதவர்களும் எடுப்பார்கள். இதைத் தடுக்க முடியாதா என்றால், முடியும், தொழில்நுட்பத்தோடு ஒரு விலையையும் சேர்த்து வைத்தால். ஸ்டாக்ஹோம் நகரம் 2006-ல் சோதனையாகவும் 2007-லிருந்து நிரந்தரமாகவும் நகர மையத்துக்குள் நுழையும் வண்டிகளுக்குக் கட்டணம் விதித்தது. கேமரா நம்பர் பிளேட்டைப் படிக்கும், கட்டணம் தானாகப் பதிவாகும், யாரும் வண்டியை நிறுத்த வேண்டியதில்லை. மையத்தின் எல்லையைத் தாண்டும் வண்டிகள் சுமார் 20 சதவீதம் குறைந்தன, அந்தக் குறைவு வருடக்கணக்கில் நிலைத்தும் இருந்தது. சிங்கப்பூர் இதற்கு முன்பே, 1998-ல், மின்னணுக் கட்டண முறைக்கு மாறியிருந்தது. கேமராவும் சர்வரும் எல்லா ஊரிலும் ஒன்றுதான், ஆனால் மிச்சமான சாலை இடத்தை இன்னொரு கார் வந்து நிரப்பாமல் பார்த்துக்கொண்டது விலை.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பதிலும் இப்படி ஒரு நுணுக்கம் இருக்கிறது. சர்வதேச எரிசக்தி முகமையான ஐஇஏ 2020-ல் செய்த கணக்கில், வேலைக்குக் காரில் ஒரு வழிக்கு 6 கிலோமீட்டருக்குக் குறைவாகப் போகிறவர் வீட்டிலேயே இருந்தால், வீட்டில் கூடும் மின்சாரமும் வெப்பமூட்டலும் சேர்ந்து மொத்தத்தில் உமிழ்வு சற்றுக் கூடக்கூட வாய்ப்பு உண்டு. கார்னெல் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து 2023-ல் வெளியிட்ட ஆய்வில், முழுக்க வீட்டிலிருந்தே வேலை செய்யும் அமெரிக்கரின் வேலை சார்ந்த கார்பன் தடம் 54 சதவீதம் வரை குறையலாம், வாரம் ஒருநாள் மட்டும் என்றால் வெறும் 2 சதவீதம்தான் குறையும் என்று வந்தது. ஏன் இவ்வளவு வித்தியாசம்? வீட்டில் இருக்கும் நாளில் வேறு வேலைகளுக்காக வெளியே போகும் பயணம் கூடுவது ஒரு காரணம். இன்னொன்று கட்டடம். வாரம் ஒருநாள் நீங்கள் போகாவிட்டாலும் அலுவலகக் கட்டடத்தின் விளக்கும் ஏசியும் லிஃப்டும் ஓடிக்கொண்டேதான் இருக்கின்றன. கட்டடத்தின் ஒரு மாடியாவது மூடப்படும்போதுதான் பெரிய மிச்சம் வருகிறது.

சர்வர்கள் இருக்கும் இடம்

இப்போது டிஜிட்டல் பொருளாதாரம் தானே சாப்பிடும் மின்சாரத்துக்கு வருவோம். இதில் மிகைப்படுத்தலும் நிறைய நடக்கிறது. ஒரு மணி நேரம் வீடியோ பார்த்தால் பூமியே அழிந்துவிடும் என்பது போலச் செய்திகள் வந்தன. ஐஇஏ கணக்கில் அது உலகச் சராசரியாக சுமார் 36 கிராம் கரியமில வாயு, ஒரு பெட்ரோல் கார் ஒரு கிலோமீட்டர் ஓடி முடிக்கும் முன்பே அதைவிட அதிகம் விட்டுவிடும். தரவு மையங்களைப் பற்றியும் 2010-க்கும் 2018-க்கும் இடையே ஒரு நல்ல செய்தி இருந்தது. அந்தக் காலத்தில் உலகத் தரவு மையங்கள் செய்த கணினி வேலை 550 சதவீதம் கூடியது, ஆனால் அவற்றின் மின்சாரச் செலவு வெறும் 6 சதவீதம்தான் கூடியது. அலுவலகத்துக்கு அலுவலகம் ஒரு மூலையில் பாதி வேலையில்லாமல் சூடாகிக்கொண்டிருந்த சர்வர்கள் மூடப்பட்டு, அந்த வேலை பெரிய, சிக்கனமான மையங்களுக்குப் போனது இதற்கு முக்கியக் காரணம். பழையது உண்மையாகவே நின்றது.

அந்த எளிய மிச்சத்தில் பெரும்பகுதி கிடைத்து முடிந்துவிட்டது. செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு மின்சாரச் செலவு மறுபடி வேகமாகக் கூடத் தொடங்கிவிட்டது. 2024-ல் தரவு மையங்கள் சுமார் 415 டெராவாட் மணி மின்சாரம் எடுத்தன (ஒரு டெராவாட் மணி என்பது 100 கோடி யூனிட்), அது உலக மின்சாரத்தில் ஏறக்குறைய 1.5 சதவீதம். 2030-ல் இது 945 டெராவாட் மணி அளவுக்குப் போகும் என்பது ஐஇஏவின் கணிப்பு, இன்றைய ஜப்பான் முழுவதும் பயன்படுத்துவதைவிடச் சற்று அதிகம். உலகச் சராசரியாகப் பார்த்தால் சிறியதாகத் தெரியும் இந்த எண் ஒரு நகரத்தின் மேல் விழும்போது கதையே வேறு. அயர்லாந்தில் 2015-ல் நாட்டின் மின்சாரத்தில் 5 சதவீதம் எடுத்த தரவு மையங்கள் 2023-ல் 21 சதவீதம் எடுத்தன, அந்த நாட்டின் நகர்ப்புற வீடுகள் எல்லாம் சேர்ந்து எடுத்ததே 18 சதவீதம்தான். அவற்றில் பெரும்பாலானவை டப்ளினைச் சுற்றியே இருக்கின்றன. சிங்கப்பூர் 2019-லிருந்து சில வருடங்கள் புதிய தரவு மையங்களுக்கு அனுமதியை நிறுத்தி வைத்து, 2022-ல் கடுமையான திறன் நிபந்தனைகளோடுதான் மறுபடி திறந்தது.

சரி, நகரத்துக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிடலாமே? சீனா அதைத்தான் பெரிய அளவில் செய்கிறது. கிழக்கில் உள்ள பெருநகரங்களின் கணினி வேலையை குய்சோ, உள் மங்கோலியா, கான்சு, நிங்சியா போன்ற பகுதிகளுக்கு அனுப்பும் திட்டத்தை 2022-ல் தொடங்கியது. அங்கே நிலம் மலிவு, பல இடங்களில் காற்று குளிர்ச்சி, காற்றாலைக்கும் சூரிய மின்சக்திக்கும் இடம் இருக்கிறது. அந்த மின்சாரம்தான் உண்மையில் சர்வருக்குப் போகிறது என்றால் இது நல்ல மாற்றம். நிலக்கரி மின்சாரம் போனால், ஷாங்காயின் கணக்குப் புத்தகத்திலிருந்து ஒரு வரியை எடுத்து இன்னொரு மாகாணத்தின் புத்தகத்தில் எழுதியதாகத்தான் ஆகும்.

எந்த உமிழ்வு எந்த ஊரின் கணக்கில் வரும் என்ற இந்த எல்லைப் பிரச்சினை சர்வரோடு முடிவதில்லை. ஒரு நகரத்தில் உருக்காலைகள் மூடி, அதே இடத்தில் மென்பொருள் அலுவலகங்கள் வந்தால் கார்பன் திறன் ஒரே தாவாகத் தாவிவிடும், ஆனால் அந்த நகர மக்கள் இரும்பு பயன்படுத்துவதை விடவில்லை, வேறெங்கோ உருகிய இரும்பு இங்கே வருகிறது. போனும் அப்படித்தான்: ஒரு ஸ்மார்ட்போன் வாழ்நாள் முழுவதும் உண்டாக்கும் உமிழ்வில் ஏறக்குறைய 80 சதவீதம் அது உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே, தயாரிப்பின்போதே நடந்துவிடுகிறது. அது தயாரான நகரத்தின் கணக்கில் ஏறும், டிஜிட்டல் பொருளாதாரத்தால் பணக்காரரான நகரத்தின் கணக்கில் ஏறாது.

ஆய்வுகள் ஏன் ஒரே மாதிரி சொல்வதில்லை

இந்தத் தலைப்பில் மிக அதிகமாக ஆராயப்பட்டவை சீன நகரங்கள். அங்கே அதிவேக இணையத்தைப் பரப்பும் பிராட்பேண்ட் சீனா என்ற திட்டத்துக்காக 2014, 2015, 2016 என்று மூன்று கட்டங்களாக நகரங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லா நகரத்துக்கும் ஒரே நாளில் வராததால், திட்டம் வந்த நகரங்களையும் வராத நகரங்களையும் ஒப்பிட ஆய்வாளர்களுக்கு ஒரு வழி கிடைத்தது. கார்பன் திறன் கூடியது என்று நிறைய ஆய்வுகள் சொல்கின்றன, முதலில் உமிழ்வு கூடி ஒரு கட்டத்தைத் தாண்டியபின் குறைகிறது என்று வேறு சில சொல்கின்றன. இரண்டையும் நான் நம்புகிறேன், ஆனால் ஒரு எச்சரிக்கையோடு: இப்படிப்பட்ட திட்டங்களுக்கு ஏற்கனவே வசதியும் நல்ல நிர்வாகமும் உள்ள நகரங்கள் தேர்வாவது வழக்கம், அவை இணையம் வராமலே முன்னேறியிருக்கக்கூடியவை.

முதலில் கூடி அப்புறம் குறைவது ஏன் என்பதற்குப் பழைய வரலாற்றில் ஒரு விளக்கம் இருக்கிறது. மின்மோட்டார் வந்தபோது தொழிற்சாலைகள் நீராவி எஞ்சினை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்தன, அதன் சுழற்சியை எல்லா இயந்திரங்களுக்கும் கொண்டுபோகும் பழைய தண்டுகளும் பெல்ட்டுகளும் அப்படியே சுற்றிக்கொண்டிருந்தன. பல பத்தாண்டுகள் கழித்து, ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி மோட்டார் என்று கட்டடத்தின் அமைப்பையே மாற்றிய பிறகுதான் உற்பத்தித்திறன் எகிறியது. பொருளாதார வரலாற்றாசிரியர் பால் டேவிட் 1990-ல், கணினிகள் வந்தும் உற்பத்தித்திறன் ஏன் உடனே கூடவில்லை என்று விளக்க இதைத்தான் எடுத்துக்காட்டினார். நகரங்களும் இப்போது அந்த நடுக்கட்டத்தில் இருக்கின்றன. ஆன்லைனில் விண்ணப்பித்த பிறகும் அதை அச்செடுத்து நேரில் கொண்டுவரச் சொல்லும் அலுவலகம், புதிய சர்வரின் மின்சாரத்தையும் செலவழிக்கிறது, பழைய காகிதத்தையும் பயணத்தையும் செலவழிக்கிறது.

நகர நிர்வாகங்கள் இதில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, முதல் வேலை அளப்பது. ஐரோப்பிய ஒன்றியம் 500 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள தரவு மையங்கள் எவ்வளவு மின்சாரமும் தண்ணீரும் எடுக்கின்றன என்று அறிக்கை கொடுக்க வேண்டும் என்று விதி செய்திருக்கிறது, முதல் அறிக்கைகளுக்கான கெடு 2024 செப்டம்பர். ஜெர்மனி 2023-ல் இயற்றிய எரிசக்தித் திறன் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், 2026 ஜூலை முதல் செயல்படத் தொடங்கும் மையங்கள் தங்கள் எரிசக்தியில் குறைந்தது 10 சதவீதத்தை வெப்பமாக மறுபடி பயன்படுத்தக் கொடுக்க வேண்டும் என்றது. ஸ்டாக்ஹோமிலும் டென்மார்க்கின் ஓடன்சேயிலும் சர்வர்களின் வெப்பம் ஏற்கனவே குழாய் வழியாக வீடுகளைச் சூடாக்கப் போகிறது.

இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. சர்வர்களைக் குளிர்வித்து வெளியே வரும் காற்றும் நீரும் மிதமான சூட்டில்தான் இருக்கும், வீட்டு வெப்பக் குழாய்க்கு அது போதாது, வெப்ப பம்ப் வைத்துச் சூட்டை ஏற்ற வேண்டும், அதற்குத் தனி மின்சாரம் வேண்டும். கோடையில் அந்த வெப்பத்தை வாங்க ஆளில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, குழாய் பக்கத்தில் இருக்க வேண்டும், பல கிலோமீட்டர் தள்ளி வயல்வெளியில் கட்டிய மையத்திலிருந்து வெப்பத்தைக் கொண்டுவரும் செலவுக்கு யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கட்டட அனுமதிக்கான விண்ணப்பம் நகராட்சி மேசைக்கு வரும் நாளிலேயே, வெப்பக் குழாய் வரைபடத்தையும் மின்பாதை வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து இடத்தை முடிவு செய்ய வேண்டியிருப்பது அதனால்தான். கட்டி முடித்த பிறகு கேட்டால் மையத்தை நகர்த்த முடியாது.